கொஞ்சம் நல்லாச் சொன்னவள்

பொத்தானுக்குக் கோபம் வந்தால் தலை ஆடும். பெரிய மனிதர் பேச்சுக்கு ஆமாம் போடுகிறவன் மாதிரி, மேலும் கீழுமாக நிற்காமல் ஆடும். அவன் ஆட்டுவதில்லை, அதுவாக ஆடும். பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் வந்த வினை அது. கால்கள் நடக்கவில்லை, வலது கை மடங்கியே நின்றுவிட்டது, நாக்கு சொன்னபடி கேட்கவில்லை. புத்திக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் அது வேண்டியதற்கு மேல் கொஞ்சம் கூடவே இருந்தது.

பொத்தான் என்பது வேலை கொடுத்த பெயர். கடைவீதியில் ஐந்து மாடிக் கார் நிறுத்துமிடம் ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் இவனுடைய சக்கர நாற்காலி, அதற்கு எதிரே பச்சையும் சிவப்புமாக இரண்டு பொத்தான்கள். பச்சையை அழுத்தினால் தடுப்புக் கம்பு ஏறும், சிவப்பை அழுத்தினால் இறங்கும். நன்றாக வேலை செய்கிற ஒரே கையான இடது கையால் அழுத்துவான். வந்த புதிதில் இவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட ஓட்டுநர்களெல்லாம் பிறகு "என்ன பொத்தான், மேலே இடம் இருக்கா?" என்று கேட்டு, அவன் விரல் காட்டுகிற மாடிக்குப் போகப் பழகிவிட்டார்கள். எந்த ஜோடி சண்டை போட்டுக்கொண்டு உள்ளே போகிறது, எது சமாதானமாகி வெளியே வருகிறது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. தன்னிடம் சொன்ன ரகசியம் கிணற்றில் போட்ட கல் என்று சொல்லிச் சிரிப்பான். ஆனால் அந்தச் சிரிப்பிலும் கலந்துகொள்ள அவன் பேச்சு புரிய வேண்டுமே.

புரிகிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர். முதல் ஆள் அக்கா.

அக்கா அவனைவிட நாலு வயது மூத்தவள். அம்மா நாளெல்லாம் தையல் மிஷினோடு மல்லுக்கட்டுவாள், அப்பா பேருந்துப் பணிமனையில் கிரீஸோடு. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அக்காவின் பொறுப்பு. அவன் வாய்க்குள் உருண்டு வருகிற சத்தங்களில் எது தண்ணீர், எது ஜன்னல், எது 'அந்தக் குருவியைப் பார்' என்று கண்டுபிடித்தவள் அவள்தான். பெற்ற தாய்க்கே பாதிதான் விளங்கும். என்னடி சொல்றான் என்று மிஷினை நிறுத்தாமலே அம்மா கேட்பாள், அக்கா சொல்வாள், வேலை நடக்கும். இப்படியாக அவள் அவனுக்கு வாயாக ஆனாள்.

அந்த வாயில் கொஞ்சம் குறும்பும் இருந்தது. பெரியப்பா ஒருவர் அடிக்கடி வருவார். செவிடனிடம் பேசுவது போல அவன் முகத்துக்கு நேரே குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி சௌக்கியம் விசாரிப்பார். இவர் வாய் நாறுது, தள்ளி நிக்கச் சொல்லு என்பான் இவன். அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "'நீங்க நல்லா இருக்கீங்களா பெரியப்பா'ன்னு கேக்கறான்" என்பாள். பெரியப்பா உருகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று ஊரெல்லாம் சொல்லுவார். அவர் தலை மறைந்ததும் இரண்டு பேரும் விலா நோகச் சிரிப்பார்கள்.

"கொஞ்சம் நல்லாச் சொன்னேன்டா" என்பாள் அக்கா.

அதுதான் அவர்களுடைய விளையாட்டு. அவன் எவ்வளவு கசப்பாகச் சொன்னாலும் அவள் வாயில் அது சர்க்கரையாக வரும். அவளைச் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்றே அவன் மகா மோசமாகச் சொல்லிப் பார்ப்பான். பள்ளிக்கூட வாத்தியார், மருந்துக் கடைக்காரர், வாடகை கேட்டு வந்த வீட்டுக்காரம்மா என்று ஒருத்தர் பாக்கியில்லை. அவள் ஒரு நாளும் மாட்டிக்கொண்டதில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மாற்றிச் சொல்லிப் பழகினால் அது எங்கே போய் நிற்கும் என்று அந்த வயதில் யார் யோசிப்பார்கள்? விளையாட்டு வினையாகும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது இவர்களுக்கென்றே சொன்னது போலிருக்கிறது.

அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அக்காதான் எல்லாம். அவளைக் கட்டிக்கொண்டவர் தண்ணீர்க் குழாய் போடும் நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளர். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும், ஆனால் அவர் கெட்டவர் இல்லை. மைத்துனன் தன் வீட்டில் இருப்பதற்கு ஒரு முகச்சுளிப்பும் காட்டாதவர். அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசாதவர், அவ்வளவுதான். உன் தம்பிக்குக் காபி வேணுமான்னு கேளு என்பார் மனைவியிடம், தம்பி கைக்கெட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்க.

இரண்டாவது ஆள் வாளி. அவளுக்கும் அது வேலை கொடுத்த பெயர்தான். நிறுத்துமிடத்தின் இரண்டாம் மாடியில் கார் கழுவுகிறவள். வந்த புதிதில் அவளும் எல்லோரையும் போல, அவன் என்ன சொன்னாலும் சரி சரி என்று சிரித்து வைப்பாள். ஒரு நாள் அவனுக்கு எரிச்சல் வந்து, உன் வாளி தீப்பிடிச்சு எரியுது என்றான். "ஆமாமா, ரொம்ப நல்லது" என்றாள் வாளி. அவன் சிரித்த சிரிப்பில் நாற்காலியே குலுங்கியது. அவள் முகம் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே நின்றவள் கூண்டுக்குள் வந்து, எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணும் புரியலை. புரிஞ்ச மாதிரி நடிச்சேன். மறுபடி சொல்லு" என்றாள்.

அவன் மறுபடி சொன்னான். அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லு என்றாள். இப்படி ஒரு மனுஷி கேட்டு அவன் அதுவரை பார்த்ததில்லை. அக்காவுக்குக் கேட்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை, மற்றவர்களுக்குக் கேட்கிற பொறுமை இருந்ததில்லை. வாளிக்கு அன்றைக்குத் தீயும் புரிந்தது, தன்னைக் கேலி செய்தான் என்பதும் புரிந்தது. முதுகில் ஒன்று போட்டுவிட்டுப் போனாள். அதன் பிறகு வருஷங்கள் ஓடின. இப்போதும் சில சமயம் அவன் ஒரு வாக்கியத்தை மூன்று தரம் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் புரியாததைப் புரிந்தது என்று அவள் மறுபடி ஒரு நாளும் சொல்லவில்லை.

இந்த நிலையில் அக்காள் புருஷனுக்கு மாற்றல் வந்தது. தூரத்து ஊர், நிறுவனம் கொடுக்கிற வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. வீட்டில் மூச்சுக் காட்டாமல் ஒரு வாரம் ஓடியது. பொத்தானே பேச்சை எடுத்தான். நீங்க போங்க, நான் இங்கேயே இருந்துக்கறேன் என்றான். வெறும் வீறாப்பில்லை, எல்லாம் யோசித்து வைத்திருந்தான். நிறுத்துமிடத்துக்குப் பின்னால் தரைத்தளத்தில் ஒரு அறை காலியாக இருந்தது. மருத்துவமனையில் வேலை பார்த்த ஆள் ஒருவர், வாளியின் பக்கத்து வீட்டுக்காரர், காலையும் மாலையும் வந்து குளிப்பாட்டி உடை மாற்றிவிடச் சம்மதித்திருந்தார். அதற்குச் சம்பளம் கொடுக்க அவனுக்குச் சம்பளம் வந்தது. இத்தனையையும் அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னான்.

அக்கா துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். பார்க்கலாம்டா என்றாள்.

சில நாள் கழித்து அவளே ஒரு பேச்சைக் கொண்டுவந்தாள். அவனுடைய வங்கிக் கணக்கைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் தான் பேசினால் யாரும் காது கொடுப்பதில்லையாம், நீதிமன்றத்தில் ஒரு காகிதம் வாங்கிவிட்டால் சுலபமாம். அவன் சரி என்றான். மனுவைப் படித்துக் காட்டு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊரில் இருக்கிற சூதுவாதையெல்லாம் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்தே மோப்பம் பிடிக்கிறவன், சொந்த அக்காவிடம் அத்தாட்சி கேட்கத் தோன்றாமல் போனான். யாருக்குத்தான் தோன்றும்?

நீதிமன்றத்தில் கூட்டம். நீதிபதி நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு அன்றைக்குத் தீர்க்க வேண்டிய வழக்குக் கட்டுகள் மேஜை நிறைய இருந்தன. ஒரு அலுவலர் மனுவை வேகமாகப் படித்தார். அதில் வங்கியும் மருந்தும் எங்கோ ஓரத்தில் இருந்தன. மனுதாரரின் தம்பி எங்கே வசிப்பது, எங்கே வேலை செய்வது, செய்யாமல் இருப்பது, என்ன சிகிச்சை, யாரைத் திருமணம் செய்வது என்று சகலத்தையும் முடிவு செய்கிற சட்டப்படியான காப்பாளராக அக்காவை நியமிக்க வேண்டும் என்று இருந்தது. ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவனுக்கு இடம் கேட்டு வைத்திருப்பதாகவும், காப்பாளர் கையெழுத்து இருந்தால் உடனே சேர்த்துக்கொள்வார்கள் என்றும் இருந்தது.

பொத்தானின் தலை ஆட ஆரம்பித்தது.

"அக்கா உங்களுக்குக் காப்பாளரா இருக்கறதுல உங்களுக்குச் சம்மதமா?" என்று நீதிபதி அவனைப் பார்த்தே கேட்டார். அந்த மரியாதையை அவர் தவறவிடவில்லை.

"இல்லை" என்றான் பொத்தான். "எனக்கு வேலை இருக்கு, இடம் இருக்கு. நான் எங்கேயும் போக மாட்டேன். எனக்கு நான்தான்." முடிந்தவரை நிறுத்தி, முடிந்தவரை உரக்கச் சொன்னான். அவர்களுக்கு அது ஒரு நீண்ட முனகலாகக் கேட்டிருக்கும். நீதிபதி அக்காவைப் பார்த்தார்.

அக்கா அவன் பக்கம் திரும்பவில்லை. கைக்குட்டையை விரலில் சுற்றியபடி நேராகப் பார்த்துச் சொன்னாள். "'அக்கா பார்த்துக்குவா, எனக்குச் சந்தோஷம்தான்'னு சொல்றான்."

அவன் கத்தினான். தலை இன்னும் வேகமாக ஆடியது, மேலும் கீழும், மேலும் கீழும். நீதிபதி அந்தத் தலையைப் பார்த்துப் புன்னகை செய்தார். சரி சரி, சந்தோஷம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு ஒரு திறமை வேண்டும். அக்கா மறைத்தாள், தம்பியின் தலையே அதற்கு மூடியாக இருந்தது.

திரும்பி வரும் வண்டியில் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஏன் மாத்திச் சொன்னே?

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ வேண்டாம்னுதான் சொல்வே. அப்புறம் நான் போற இடத்துல எப்படித் தூங்கறது? நீ விழுந்து கிடக்கியா, பட்டினி கிடக்கியான்னு நினைச்சுக்கிட்டே எத்தனை நாள் இருக்கறது? எனக்கு முதுகு போயிடுச்சுடா. இத்தனை வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ தள்ளு நான் தூக்கறேன்னு யாராவது வந்தாங்களா?" என்றாள். பிறகு அவன் வாயோரம் வழிந்ததைப் பழக்கத்தில் துடைத்துவிட்டு, "நீ சொன்னதைக் கொஞ்சம் நல்லாச் சொன்னேன், அவ்வளவுதான்" என்றாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. அவள் முதுகு போனது உண்மை, யாரும் வராததும் உண்மை. போகிறேன் என்று அவள் சொல்லியிருந்தால், போ என்று அவன் மனதாரச் சொல்லியிருப்பான்; ஏற்கனவே சொல்லியும் ஆயிற்று. விட்டுப் போவது துரோகம் இல்லை. அவன் வாயிலிருந்து வந்த 'இல்லை'யைக் கையில் வாங்கி, உடைத்து, அதே வாயில் 'ஆமாம்' என்று திணித்தாளே, அதுதான் துரோகம். அந்த விளையாட்டுச் சொற்களையே அதற்கு மேல் போர்த்தியது அவனுக்கு வாயில் மண்ணைப் போட்டது போலிருந்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். வேலிக்காவது பேசத் தெரியாது.

அன்று முதல் அவன் அக்காவிடம் பேசுவதை நிறுத்தினான். வீட்டில் வேறு யாருக்கும் அவன் பேச்சு புரியாது என்பதால் மொத்தமாகவே நிறுத்தினான். சாப்பிடுகிறாயா, ஜன்னலை மூடவா, எதற்கும் பதில் இல்லை. அவள் ஊட்டினால் சாப்பிட்டான், படுக்க வைத்தால் படுத்தான். அவள் சில சமயம் அவன் முன்னால் நின்று, ஏதாவது திட்டேன்டா என்பாள். அவன் சுவரைப் பார்ப்பான்.

அடுத்த அடி வேலையிடத்தில் விழுந்தது. நிறுத்துமிடத்து மேலாளர் கூண்டுக்கு வந்து, அங்கே இங்கே பார்த்து, தொண்டையைச் செருமினார். அவனுடைய அக்கா வந்து இந்த மாசத்தோடு அவன் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாளாம். காப்பாளர் சொன்னால் தான் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்தார். நீ இல்லாம இந்த வாசல் வாசலாவே இருக்காதுப்பா என்று கண் கலங்கவும் செய்தார். கலங்கின கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவன் வாளியை வரச் சொல்லிக் கை காட்டினான்.

வாளியிடம் கதை முழுவதையும் சொல்லி முடிக்க ஒரு மத்தியானம் ஆயிற்று. மறுபடி சொல்லு, மறுபடி சொல்லு என்று அவள் எத்தனையோ தரம் கேட்டாள். நீதிமன்றத்தில் அக்கா சொன்ன வாக்கியத்துக்கு வந்தபோது அவளுக்கு முதல் தரமே புரிந்துவிட்டது. ஆனாலும் நம்ப முடியாமல் மறுபடி சொல்லச் சொன்னாள். பிறகு எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூன்றாம் மாடியில் நிற்கிற சாம்பல் நிறக் கார் யாருடையது தெரியுமா என்று கேட்டாள். பின் இருக்கை முழுக்கக் காகிதக் கோப்பைகளும் கோப்புக் கட்டுகளுமாகக் கிடக்கிற கார் அது. ஒரு வக்கீலம்மாவுடையது.

சாயங்காலம் அந்தக் கார் வாசலுக்கு வந்தபோது கம்பு ஏறவில்லை. வக்கீலம்மா சீட்டை நீட்டினார். பொத்தான் வாங்கிக்கொண்டான், பச்சையைத் தொடவில்லை. அவர் ஹார்ன் அடித்தார். பின்னால் நின்ற வண்டிகளும் ஹார்ன் அடித்தன. பதினொரு வருஷத்தில் அவன் யாரையும் ஒரு நிமிஷம் காக்க வைத்ததில்லை. வாளி ஈரக்கையோடு ஓடிவந்து கார் ஜன்னலில் குனிந்தாள்.

"இவன் சொல்றதைக் கேட்டாத்தான் கம்பு ஏறும்" என்றாள்.

வக்கீலம்மாவுக்கு முதலில் கோபம், பிறகு சிரிப்பு. காரை ஓரம் கட்டிவிட்டுக் கூண்டுக்குள் வந்தார். கேட்கக் கேட்கச் சிரிப்பு போய்விட்டது. அவன் பேசினான், வாளி சொன்னாள், அவர் சந்தேகம் கேட்டார். முடிவில் அவர் விளக்கியது இதுதான். காப்பாளர் என்பது, தனக்கு என்ன வேண்டும் என்று எந்த வழியிலும் தெரிவிக்க முடியாதவர்களுக்கு வேறு வழியே இல்லாதபோது எடுக்க வேண்டிய கடைசி ஆயுதம். அதையும் எந்த விஷயத்துக்குத் தேவையோ அதற்கு மட்டும் கொடுக்கலாம். பேச்சு புரியவில்லை என்பது புத்தி இல்லை என்பதாகாது. அவனுக்கு வேண்டியது உதவியாளர்கள். அவனே நம்பிப் பொறுக்குகிற இரண்டு மூன்று பேர். அவர்கள் விஷயத்தை விளக்குவார்கள், அவன் சொல்வதை எடுத்துச் சொல்வார்கள், முடிவு மட்டும் அவனுடையது. வங்கிக்கு ஒரு அதிகாரக் கடிதம், மருத்துவமனைக்கு அவனே பெயர் சொல்கிற ஒரு ஆள். தீர்ந்தது.

"சட்டையில ஒரு பொத்தான் அறுந்தா பொத்தானைத்தான் தைக்கணும். சட்டையையே கழட்டிக்கிட்டுப் போயிருக்காங்க" என்றார் வக்கீலம்மா. அவன் வாய்விட்டுச் சிரித்தான். நீதிமன்றம் போய் வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

உத்தரவை மறுபரிசீலனை செய்யச் சொல்லி வக்கீலம்மா மனுப் போட்டார். விசாரணை முடிகிறவரை அவனை இல்லத்துக்கு அனுப்பவோ வேலையிலிருந்து நிறுத்தவோ கூடாது என்று தடையும் வாங்கினார். இந்தத் தடவை வேறு நீதிபதி, நிதானமான அம்மாள், பேச்சிலும் அவசரம் இல்லை. தலையைப் பார்க்க வேண்டாம், கோபம் வந்தால் அது தானாக ஆடும் என்று வக்கீலம்மா எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். நாற்காலியில் மாட்டியிருக்கிற பலகையை இடது கையால் ஒரு தரம் தட்டினால் ஆமாம், இரண்டு தரம் தட்டினால் இல்லை என்று ஏற்பாடு. அக்காவும் அவள் புருஷனும் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பொத்தான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வாளிக்கு உண்மையிலேயே இவன் பேச்சு புரிகிறதா என்று நீதிபதியம்மாளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வாளியையும் பின் வரிசைக்காரர்களையும் வெளியே அனுப்பிவிட்டு, இறங்கி அவனருகில் வந்து மெதுவாக ஒன்று சொன்னார். பிறகு எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். பொத்தான் அதை வாளியிடம் சொன்னான். வாளி மறுபடி சொல்லு என்றாள். சொன்னான். மறுபடி என்றாள். மண்டபத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். மூன்றாம் தரம் அவள் முகம் தெளிந்தது.

"உங்க கார்ல இடது பக்கத்து விளக்கு உடைஞ்சிருக்காம்" என்றாள். "இன்னிக்கே மாத்திடுங்கம்மா, ராத்திரியில ஆபத்து" என்று தன் பங்குக்குச் சேர்த்தாள். கடைசியில சொன்னது நான், அவன் இல்லை என்று உடனே திருத்தவும் செய்தாள்.

நீதிபதியம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். அதன் பிறகு கேள்விகள் நேராக அவனிடமே வந்தன. எங்கே இருக்க விருப்பம், யார் பார்த்துக்கொள்வார்கள், விழுந்துவிட்டால் என்ன செய்வாய், காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவாய். அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான், தட்டினான், மறுபடி சொன்னான். பிற்பகல் ஆகிவிட்டது, ஆனால் அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முடிவில், காப்பாளர் உத்தரவை ரத்து செய்வதாகவும், வேலை அவன் விருப்பப்படியே தொடரும் என்றும், உதவியாளர்களாக அவனே பெயர் சொன்ன வாளி, நிறுத்துமிடத்து மேலாளர் இரண்டு பேரையும் பதிவு செய்வதாகவும் சொன்னார். பின் வரிசையில் அக்கா விசும்பும் சத்தம் கேட்டது.

பிறகு நீதிபதியம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "மூணாவது ஆளா உங்க அக்கா பேரைச் சேர்க்கலாமா? உங்க பேச்சு அவங்களுக்குத்தான் நல்லாப் புரியும்னு எல்லாரும் சொல்றாங்க. சேர்க்கறதும் விடறதும் உங்க விருப்பம்" என்றார்.

இதை யாரும் கேட்பார்கள் என்று அவன் நினைத்து வரவில்லை. ஒரு தரம் தட்டலாம், இரண்டு தரம் தட்டலாம். இரண்டும் போதவில்லை. சொல்ல வேண்டியது வேறாக இருந்தது. வாயைத் திறந்தான். அத்தனை மாதமாக அடைத்து வைத்திருந்தது ஒரே மூச்சில் வந்தது. நாக்கு புரண்டது, தலை வெறி பிடித்தது போல ஆடியது. ஆனாலும் சொல்ல வேண்டியதை முழுக்கச் சொன்னான்.

வாளி குனிந்து கேட்டாள். "மறுபடி சொல்லு" என்றாள். மறுபடி சொன்னான், இன்னும் குழறியது. மூன்றாம் தரம் சத்தமே வரவில்லை. வாளி அவன் தோளில் கை வைத்து, நீதிபதியைப் பார்த்தாள்.

"எனக்குப் புரியலைம்மா. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்" என்றாள்.

நீதிபதியம்மாள் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை பின் வரிசையில் போய் நின்றது. உங்களுக்குப் புரிந்ததா என்று கேட்டார்.

அக்கா எழுந்தாள். கைக்குட்டை அதே மாதிரி விரலில் சுற்றியிருந்தது. அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். மன்னித்துவிட்டேன் என்கிறான் எனலாம், அக்கா கட்டாயம் வேணும் என்கிறான் எனலாம். சர்க்கரைக்கு அவளிடம் என்ன பஞ்சம்? பொத்தான் இடது கையைப் பலகைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டான், இரண்டு தரம் ஓங்கி அறைவதற்கு.

அக்கா அவனைப் பார்த்தாள். அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"'அக்காவுக்கு நான் பேசறது புரியும். புரிஞ்சுக்கிட்டேதான் மாத்திச் சொன்னா. புரியாதவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. அவ வேண்டாம்'னு சொல்றான்."

சரியாகத்தான் சொன்னார்களா என்று நீதிபதியம்மாள் கேட்டார். இரண்டு தரம் அறையத் தூக்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு பலகையில் ஒரே ஒரு தரம் விழுந்தது.

ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அவளால் முடிகிறது. அன்றைக்கும் முடிந்திருக்கும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டபோதுதான், ஜெயித்த அந்த நிமிஷத்தில், அவனுக்கு முன்பைவிட அதிகமாக வலித்தது. தெரியாமல் செய்துவிட்டாள், பயத்தில் வாய் தவறிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள இத்தனை நாள் வைத்திருந்த ஒரு சின்ன இடமும் போய்விட்டது.

அவன் வாயோரம் வழிந்து கழுத்துவரை ஈரமாகியிருந்தது. அக்காவின் கை கைக்குட்டையோடு தானாக முன்னால் நீண்டு, பாதியில் நின்றது. வாளி தன் தோளில் கிடந்த துணியை எடுத்து, "துடைக்கவா?" என்று கேட்டாள். அவன் ஒரு தரம் தட்டினான், அவள் துடைத்துவிட்டாள். அக்கா கைக்குட்டையை மடித்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.